வடகடல் (பாக் நீரிணை) தரையாக இருந்த காலமும் பனியாற்றின் வரவு செலவும்

கேட்ட கேள்வி இது: "பனியாறுகள் அந்தக் காலத்திலும் வளர்ந்தன, தேய்ந்தன என்கிறார்கள். அப்படியானால் இப்போது உருகுவதில் என்ன புதுசு? அவை எதனால் வளர்கின்றன, எதனால் சுருங்குகின்றன? இராமநாதபுரம் கரையில் மண்டபம் ஊரில் இருக்கிற எங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? எங்கள் வைகையில் பனி உருகிய தண்ணீர் ஒரு சொட்டும் வருவதில்லையே."

கடைசியில் சொன்னது சரி. வைகை வருசநாட்டு மலையில் பிறந்து மழையை நம்பி ஓடுகிற ஆறு. கங்கையும் சிந்துவும் போல அதற்குப் பனிமலைத் தாய்வீடு கிடையாது. நமக்குச் சம்பந்தம் கடல் வழியாக வருகிறது. அதுவும் இராமநாதபுரம் கரைக்கு மற்ற பல ஊர்களைவிட நெருக்கமான சம்பந்தம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். பாதிக் குழப்பம் பனியாறு என்றால் என்ன என்பதிலேயே தொடங்குவதால், முதலில் அது.

நம் பக்கத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் பனை ஓலை நுனியில் சொட்டுவது. இங்கே பேசுவது வேறு: உயரத்தில் மழைக்குப் பதிலாக விழுகிற வெண்பனி. புதிதாக விழுந்த வெண்பனி ஒரு கன மீட்டர் எடுத்து நிறுத்தால் 50 முதல் 100 கிலோதான் இருக்கும். மீதியெல்லாம் காற்று. கோடையிலும் உருகாமல் மிஞ்சுகிற வெண்பனியின் மேல் அடுத்த ஆண்டுப் பனி விழுகிறது, அதன் மேல் அதற்கடுத்தது. அமுங்க அமுங்கச் செதில்கள் உடைந்து, உருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் கல் உப்பு மாதிரி மணிமணியாகிவிடும். ஓராண்டைத் தாண்டிய அந்தப் பழைய பனிக்கு ஃபிர்ன் என்று பெயர். கன மீட்டருக்கு 830 கிலோவை எட்டும்போது மணிகளுக்கு இடையே இருந்த காற்று வெளியே போக வழியில்லாமல் குமிழ்களாகச் சிறைப்படும். அதற்குப் பிறகுதான் அது பனிக்கட்டி. முற்றிலும் இறுகினால் 917 கிலோ. பனி நிறைய விழுந்து கொஞ்சம் உருகி மறுபடி உறைகிற மலைகளில் இந்த வேலை சில ஆண்டுகளிலோ சில பத்தாண்டுகளிலோ முடிந்துவிடும். கிழக்கு அண்டார்க்டிகாவின் நடுவில், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே விழுகிற இடத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

மீன்பிடித் துறைமுகத்துக்கு வண்டியில் வருகிற ஐஸ் பாரை ஒரு முறை உற்றுப் பாருங்கள். ஓரமெல்லாம் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும், நடுத்தண்டில் மட்டும் வெள்ளைக் கோடு ஓடும். தகர அச்சில் ஊற்றிய தண்ணீர் வெளியிலிருந்து உள்நோக்கி உறையும்போது, தன்னில் கரைந்திருந்த காற்றைத் தள்ளிக்கொண்டே போய் நடுவில் அடைத்துவிடுகிறது. அந்த வெண்மை காற்றுக் குமிழ்களால் வந்தது. பனியாற்றுக் கட்டியில் குமிழ்கள் எங்கும் பரவிக் கிடக்கும். அவற்றில் இருப்பது அந்தப் பனி இறுகிய காலத்தின் காற்று. இந்தக் குமிழ்கள் பின்னால் ஒரு முக்கியமான சாட்சி சொல்லப் போகின்றன.

ஏறத்தாழ 40, 50 மீட்டர் தடிமனைத் தாண்டியதும் கட்டி தன் எடையாலேயே அடியில் நெகிழ்ந்து சரிவில் இறங்கத் தொடங்கும். கட்டியாக இருந்துகொண்டே ஓடுவதால்தான் அதை ஆறு என்கிறோம். தடிமனும் சரிவும் சேர்ந்து அடியில் கொடுக்கிற அழுத்தம் இரட்டிப்பானால், நெகிழும் வேகம் இரண்டு மடங்காகாது, ஏறத்தாழ எட்டு மடங்காகும். அதனால் கொஞ்சம் தடித்தாலே நன்றாக வேகமெடுக்கும், கொஞ்சம் மெலிந்தாலே சோர்ந்துவிடும். உருகிய நீர் அடியில் புகுந்து பாறைக்கும் பனிக்கும் இடையே பரவினால் அதற்கு மேல் வழுக்கலும் சேரும். மேல்பகுதி மட்டும் நெகிழாமல் விறைப்பாக இருப்பதால் விரிந்து பிளக்கிறது. மலையேறிகள் விழுந்து மாட்டிக்கொள்கிற வெடிப்புகள் அவைதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர்பெற்ற ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால் வழியே வருவது வரவு. மடையிலும் கலுங்கிலும் போவது, வெயிலில் ஆவியாவது செலவு. வரவும் செலவும் சமமானால் மட்டம் நிற்கும். பனியாற்றுக்கும் இதே கணக்குத்தான், ஒரு வித்தியாசத்தோடு. அதன் வரவு மேட்டில் நடக்கிறது, செலவு பள்ளத்தில் நடக்கிறது. மேட்டில் மிஞ்சியதைப் பள்ளத்துக்குச் சுமந்து வருவதுதான் பனியாற்றின் ஓட்டம். இரண்டுக்கும் நடுவே, ஆண்டு முழுவதும் விழுந்ததும் உருகியதும் சரிக்குச் சரியாக இருக்கிற ஓர் உயரம் உண்டு. அதைச் சமநிலைக் கோடு என்று வைத்துக்கொள்ளலாம். கோடை முடிவில் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்: கோட்டுக்கு மேலே வெள்ளை, கீழே சாம்பலும் நீலமும் கலந்த வெற்றுக் கட்டி.

ஓர் உதாரணக் கணக்கு போடுகிறேன். 10 சதுர கிலோமீட்டர் பனியாறு ஒன்று. கோட்டுக்கு மேலே 6 சதுர கி.மீ., அங்கே ஆண்டுக்குச் சராசரி 1 மீட்டர் தண்ணீர்க் கனம் (பனியை உருக்கினால் நிற்கிற தண்ணீரின் ஆழம்) மிஞ்சுகிறது: வரவு 60 லட்சம் கன மீட்டர். கீழே 4 சதுர கி.மீ., அங்கே சராசரி 1.5 மீட்டர் போகிறது: செலவும் 60 லட்சம். மலையடிவாரத்து ஆள் பத்து ஆண்டு பார்த்தாலும் முனை இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் பனி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. இந்த 6:4 கணக்கு சும்மா எடுத்ததல்ல. நிலையாக நிற்கிற மலைப் பனியாறுகள் பலவற்றில் பரப்பில் பாதிக்கு மேல், 60 விழுக்காட்டை ஒட்டி, கோட்டுக்கு மேலே இருக்கும்.

இப்போது காற்று 1 டிகிரி சூடாகிறது. மலையில் 1,000 மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குளிரும் என்பதால், அதே குளிரைப் பிடிக்கச் சமநிலைக் கோடு 150 மீட்டர் மேலேற வேண்டும். 5 டிகிரி சரிவுள்ள படுகையில் 150 மீட்டர் உயரம் என்பது பனியாற்றின் மேல் நடந்தால் ஏறக்குறைய 1.7 கி.மீ. தூரம். அவ்வளவு நிலமும் வரவுப் பக்கத்திலிருந்து செலவுப் பக்கத்துக்குத் தாவிவிட்டது. மேலே 5 சதுர கி.மீ. மிஞ்சி அதில் 0.9 மீட்டர், கீழே 5 சதுர கி.மீ. ஆகி அதில் 1.9 மீட்டர் என்று வைத்தால், வரவு 45 லட்சம், செலவு 95 லட்சம். ஒரே டிகிரியில் ஆண்டுக்கு 50 லட்சம் கன மீட்டர் துண்டு விழுகிறது.

துண்டு விழுந்தால் பனியாறு என்ன செய்யும்? முனையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். முனை இருப்பது அதிகம் செலவாகிற தாழ்ந்த இடத்தில். அதைக் கைவிட்டால் செலவு குறையும். வரவுக்கேற்ற அளவு சுருங்கியதும் மறுபடி நிற்கும். வரவு கூடினால் நேர்மாறு: முனை கீழே கீழே நீண்டு, வந்த உபரியை உருக்கித் தீர்க்கப் போதுமான அளவு வெப்பமான நிலத்தைப் பிடிக்கும். வளர்வதும் தேய்வதும் செலவுக்கான இடத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் விளங்கும். சூடு ஏறிக்கொண்டே போய்ச் சமநிலைக் கோடு மலையுச்சியையும் தாண்டிவிட்டால் வரவு நிலமே இல்லை. அப்புறம் எவ்வளவு சுருங்கினாலும் கணக்கு நேராகாது. ஐஸ்லாந்தின் ஓக்யோகுல் 2014-இல் பனியாறு என்ற தகுதியை இழந்தது அப்படித்தான். மிஞ்சிய கட்டி ஓடுகிற அளவுக்குத் தடிமனாக இல்லை.

உருகுவதற்கு வெயில், காற்றின் சூடு இரண்டும் காரணம். இதில் நிறத்தின் பங்கைப் பலரும் கவனிப்பதில்லை. 0 டிகிரியில் இருக்கிற ஒரு கிலோ பனிக்கட்டியை 0 டிகிரித் தண்ணீராக்க 334 கிலோஜூல் வேண்டும். மைனஸ் 10 டிகிரியிலிருந்து 0 வரை சூடேற்ற வெறும் 21 கிலோஜூல் போதும். பெரிய செலவு உருக்குவதில்தான். ஒரு சதுர மீட்டரில் நாள் முழுக்கச் சராசரி 250 வாட் வெயில் விழுகிறது என்று கொள்வோம். புது வெண்பனி அதில் 85 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். மிச்சத்தில் ஒரு நாளைக்கு 10 மில்லிமீட்டர் தண்ணீர்தான் உருகும். வெண்பனி போய் அழுக்குக் கட்டி வெளியே தெரிந்தால் அது திருப்பி அனுப்புவது 30 விழுக்காடுதான். அதே வெயிலில் 45 மில்லிமீட்டர் உருகும். நண்பகலில் உப்பளத்தில் நின்றவர்களுக்கு இது புதிதல்ல: அம்பாரமாகக் குவித்த உப்பு கண்ணைக் கூசவைக்கும், பக்கத்துப் பாத்தியின் சேறு வெயிலைக் குடித்துக் காலைச் சுடும். கோடையின் தொடக்கத்தில் ஒரு நல்ல வெண்பனி விழுந்தால், அது வரவில் சேர்வதைவிடக் கீழே உள்ள கட்டிக்குப் போர்வையாக இருந்து காப்பாற்றுவதுதான் பெரிய லாபம். கரியும் புழுதியும் பனிமேல் படிவது அந்தப் போர்வையைக் கிழிப்பதற்குச் சமம்.

ஆனால் அழுக்கு எப்போதும் கெடுக்கும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஐஸ் பாரை மரத்தூளிலும் சாக்கிலும் மூடி வைப்பது எதற்கு? வெப்பம் உள்ளே போகாமல் இருக்க. பனியாற்றின் மேல் பாறைத்தூள் ஒரு சென்டிமீட்டருக்கு மெல்லியதாக இருந்தால் சூட்டை வாங்கி உடனே கட்டிக்குக் கொடுத்து உருகலைக் கூட்டும். சில சென்டிமீட்டரைத் தாண்டிக் கல்லும் மண்ணுமாகக் கனத்துவிட்டால் மரத்தூள் வேலை செய்யும், உருகல் குறையும். ஏறத்தாழ 30 கி.மீ. நீளமுள்ள கங்கோத்ரிப் பனியாற்றின் கீழ்ப்பகுதி இப்படிக் கல்லால் மூடிக் கிடக்கிறது. 4,000 மீட்டர் உயரத்தை ஒட்டிய கோமுக்கில்தான் அதன் முனை. இத்தகைய பனியாறுகள் நீளத்தில் மெதுவாகக் குறைந்துகொண்டு, உள்ளே தடிமனில் மெலிந்துகொண்டே வரும். முனையை மட்டும் புகைப்படம் எடுத்துப் பார்த்து "பெரிதாக ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மழைக்காலம் எப்போது என்பதும் கணக்கை மாற்றும். நடு, கிழக்கு இமயமலையில் வரவு பெரும்பாலும் தென்மேற்குப் பருவத்தில், அதாவது உருகுகிற அதே மாதங்களில் வருகிறது. அங்கே சற்றுச் சூடானால் பனியாக விழ வேண்டியது மழையாக விழும். வரவும் போச்சு, வெள்ளைப் போர்வையும் போச்சு. இமயத்துக்கு வடமேற்கே உள்ள காரகோரம் மலைத்தொடரில் பனி பெரும்பாலும் குளிர்காலத்து மேற்கத்தியக் காற்றழுத்தங்களால் வருகிறது. நல்ல குளிரில் விழுவதால் ஒரு டிகிரி ஏறினாலும் பனியாகவே விழும். இந்த நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் இமயம் முழுவதும் இழந்துகொண்டிருந்தபோது காரகோரம் மட்டும் ஏறக்குறைய நிலையாக நின்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அளப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "யார் போய் அளந்தார்கள்" என்ற கேள்வி நியாயமானது. கீழ்ப்பகுதியில் நீராவித் துளைகருவியால் கட்டிக்குள் சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, 2 மீட்டர் மூங்கில் துண்டுகளை ஒன்றோடொன்று கோத்து இறக்குவார்கள். கோடை முடிவில், செப்டம்பர் கடைசியை ஒட்டிப் போய், வெளியே எவ்வளவு மூங்கில் தெரிகிறது என்று பார்ப்பார்கள். 3 மீட்டர் கூடுதலாகத் தெரிந்தால் அதை 0.9-ஆல் பெருக்கி 2.7 மீட்டர் தண்ணீர் போயிற்று என்று எழுதுவார்கள். மேல்பகுதியில் மூங்கில் உதவாது. அங்கே போன கோடையின் அழுக்குப் படலம் தட்டுப்படும்வரை குழி வெட்டி, சுவரில் அடுக்கடுக்காகக் குழாய் செருகிப் பனியை எடுத்து நிறுத்து அடர்த்தி பார்க்க வேண்டும். ஆழத்தை மட்டும் எழுதி அடர்த்தியை விட்டுவிட்டால் கணக்கு வீண்: 3 மீட்டர் வெண்பனி 1 மீட்டர் தண்ணீரும் ஆகலாம், ஒன்றரையும் ஆகலாம். ஒரு கோடையில் துளை ஆழத்தைவிட அதிகம் உருகி மூங்கில் சாய்ந்து போவது, வெடிப்பும் பனிச்சரிவும் உள்ள ஓரங்களை விட்டுவிட்டு நடக்க வசதியான நடுப்பகுதியில் மட்டும் நடுவது, இவைதான் வழக்கமான பிழைகள். அதனால் பனியின் மேல்தள உயரத்தைக் காட்டுகிற செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சரிபார்ப்பார்கள். ஸ்வீடனில் ஸ்டோர்கிளேசியரன் பனியாற்றில் 1940-களின் நடுவிலிருந்து விடாமல் இப்படி அளந்துவருகிறார்கள். நம் நாட்டில் இமாச்சலத்தின் சோட்டா சிக்ரியில் 2002 முதல் அளவு இருக்கிறது.

முனையை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் தாமதம். மேலே வரவு குறைந்த செய்தி முனைக்கு வந்து சேர ஆண்டுகள் ஆகும். தோராயமாக அறிய எளிய வழி உண்டு: பனியாற்றின் தடிமனை முனையில் ஓராண்டில் உருகும் அளவால் வகுக்க வேண்டும். 200 மீட்டர் தடிமன், முனையில் ஆண்டுக்கு 5 மீட்டர் உருகல் என்றால் 40 ஆண்டு. சிறிய செங்குத்துப் பனியாறு பத்திருபது ஆண்டில் பதில் சொல்லும். கிரீன்லாந்து போன்ற பனிப்படலத்துக்கு ஆயிரக்கணக்கான ஆண்டு வேண்டும். ஆகவே இன்று ஒரு முனை பின்வாங்குவதைப் பார்த்துப் போன ஆண்டின் வெயிலைக் குறை சொல்லவும் கூடாது, ஒரு குளிர்காலத்துப் பெரும்பனியைப் பார்த்து நல்ல காலம் வந்துவிட்டது என்று மகிழவும் கூடாது.

சில பனியாறுகள் தட்பவெப்பத்துக்குச் சம்பந்தமில்லாமலும் பாயும். பல ஆண்டு அசையாமல் மேலே சேர்த்துவைத்து, அடியில் நீர் அடைபட்டு அழுத்தம் ஏறியதும் திடீரென வழுக்கி ஓடிவரும். அலாஸ்காவின் வேரிகேட்டட் பனியாறு 1982-83 பாய்ச்சலில் உச்சத்தில் ஒரு நாளைக்கு 60 மீட்டருக்கு மேல் நகர்ந்தது. காரகோரத்தின் ஷிஷ்பேர் பனியாறு அப்படிப் பாய்ந்து பக்கத்து ஓடையை மறித்து ஏரியாக்கியது. 2022 மே மாதம் அது உடைந்து ஹசனாபாத் பாலத்தை அடித்துச் சென்றது. பாய்ச்சலில் முனை நீளும், ஆனால் மொத்தப் பனி ஒரு டன்கூடக் கூடாது. பையிலிருந்த காசை மேசையில் பரப்பியது போலத்தான். கடலில் முடிகிற பனியாறுகளுக்கும் தனி நடத்தை உண்டு: அடித்தரை மேட்டில் முட்டுக் கொடுத்திருக்கும்வரை நிற்கும், ஆழத்துக்குப் பின்வாங்கிவிட்டால் உடைந்து உடைந்து வேகமாகப் போகும். அலாஸ்காவில் கொலம்பியா பனியாறு 1980-களிலிருந்து 20 கி.மீ.க்கு மேல் பின்வாங்கியபோது, அதே கரையில் ஹப்பர்ட் பனியாறு நூறாண்டுக்கு மேலாக முன்னேறிக்கொண்டிருக்கிறது. ஒரு பனியாறு நீள்வதைக் காட்டி "எங்கே உருகுது?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். மொத்தக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். 2000 முதல் 2023 வரை உலகப் பனியாறுகள், கிரீன்லாந்து, அண்டார்க்டிகா பனிப்படலங்களைச் சேர்க்காமல், ஆண்டுக்குச் சராசரி 27,300 கோடி டன் இழந்தன.

இனி "முன்பும் உருகியதே" என்ற கேள்வி. உருகியது, வளர்ந்தது, பலமுறை. பூமி சூரியனைச் சுற்றும் பாதை ஏறத்தாழ 1,00,000 ஆண்டுக்கு ஒருமுறை வட்டமும் நீள்வட்டமுமாக மாறுகிறது. அச்சின் சாய்வு 41,000 ஆண்டுச் சுற்றில் 22.1 முதல் 24.5 டிகிரி வரை ஏறி இறங்குகிறது. அச்சு பம்பரம்போலத் தலையாட்டுவதால் எந்தப் பருவத்தில் சூரியனுக்கு அருகில் இருக்கிறோம் என்பது 20,000 ஆண்டுகளை ஒட்டிய சுற்றில் மாறுகிறது. செர்பியரான மிலுட்டின் மிலன்கோவிச் இதைக் கையாலேயே கணக்கிட்டார். முக்கியமானது வடக்கே 65 டிகிரி அட்சத்தில் கோடை வெயில். அது குறைந்தால் கனடாவிலும் ஸ்காண்டிநேவியாவிலும் குளிர்காலப் பனி கோடையிலும் மிஞ்சும். மிஞ்சிய பனி வெயிலைத் திருப்பி அனுப்பி மேலும் குளிர்விக்கும். தடிக்கத் தடிக்க அதன் மேல்தளமே உயரமான குளிர்ந்த காற்றுக்குள் ஏறிவிடும். கடல் கரியமில வாயுவைக் கூடுதலாக வாங்கிக்கொண்டு இன்னும் குளிர்விக்கும். ஆழ்கடல் வண்டலில் இந்தச் சுற்றுகளின் தடத்தை ஹேஸ், இம்ப்ரி, ஷேக்கில்டன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1976-இல் காட்டிய பிறகு இதை மறுப்பது கடினமாகிவிட்டது.

கடைசிப் பனியுகத்தின் உச்சம் சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன். அவ்வளவு தண்ணீரும் கடலிலிருந்துதான் போயிற்று. கடல் இன்றைய மட்டத்தைவிட 120 மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. வடகடலின் ஆழத்தைப் படகோட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பெரும்பகுதி 15 மீட்டருக்குள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே மணல்திட்டுகளின் மேல் ஓரிரண்டு மீட்டர் தண்ணீர்கூட இல்லாத இடங்கள் உண்டு. கடல் அவ்வளவு இறங்கியபோது பாக் நீரிணை முழுவதும் தரை. தொண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை கால் நனையாமல் போகலாம். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் ஆழம் என்பதால் அங்கே கடல் விலகியிருந்தாலும் மிஞ்சியிருந்தது. 10,000 ஆண்டுகளுக்கு முன்னும் கடல் 30 மீட்டருக்குக் குறையாமல் கீழேதான், ஆகவே அப்போதும் தரைவழி இருந்தது. கனடாவின் பனிப்படலம் கரைந்த தண்ணீர்தான் நாம் வலை போடுகிற இந்தக் கடலை நிரப்பியது. சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன் சில நூற்றாண்டுகளுக்குள் மட்டும் கடல் 16 மீட்டரை ஒட்டி உயர்ந்தது.

இராமேசுவரம் தீவின் கரையோரம் பழைய பவளப்பாறை கடல்மட்டத்துக்கு மேலே காய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பவளம் நீருக்கு வெளியே வளராது. பனி உருகி முடிந்த பிறகு, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இந்தக் கரையில் கடல் இன்றையதைவிடச் சற்று உயர நின்று பிறகு இறங்கியதற்கு அது ஆதாரம். பனிப்படலத்தின் பாரம் நீங்கிய நிலம் மேலெழ, அதைச் சுற்றிப் புடைத்திருந்த கடல்தரை தாழ, அந்தப் பள்ளத்தை நிரப்பத் தண்ணீர் நம் பக்கத்திலிருந்து அங்கே நகர்ந்தது. வடக்கத்துப் பனிப்படலங்களின் கணக்கு பாம்பன் கரைக் கல்லில் எழுதப்பட்டிருக்கிறது என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சில்லை.

அப்படியானால் இப்போது என்ன புதுசு? மிலன்கோவிச் சுற்று இன்று எதிர்ப்பக்கம் போகிறது. வடக்கின் கோடை வெயில் பத்தாயிரம் ஆண்டுகளாக மெல்லக் குறைந்துகொண்டிருக்கிறது. அது மட்டும் காரணமென்றால் பனியாறுகள் மெதுவாக வளர வேண்டும். ஏறக்குறைய 1300 முதல் 1850 வரையான குளிர்ந்த காலத்தில் எரிமலைப் புகையும் சேர்ந்துகொண்டு, ஆல்ப்ஸ் பனியாறுகள் வயல்களுக்குள் இறங்கவும் செய்தன. அதற்குப் பிறகு திசை திரும்பியது. இங்கே அந்தக் குமிழ்கள் சாட்சி சொல்கின்றன. அண்டார்க்டிகாவில் துளைத்தெடுத்த பனித்தண்டு 8,00,000 ஆண்டுக் காற்றை வைத்திருக்கிறது. பனியுகத்தில் பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு 180 பங்கு, இடைப்பட்ட சூடான காலங்களில் 280-ஐ ஒட்டி. அத்தனை ஆண்டிலும் 300-ஐத் தாண்டிப் பெரிதாகப் போனதில்லை. இன்று 420-க்கு மேல். 100 பங்கு ஏறப் பனியுக முடிவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் அதே 100 பங்கை ஓர் ஆயுள்காலத்துக்குள் ஏற்றிவிட்டோம்.

மிகைப்படுத்துவதும் தவறு. 2035-க்குள் இமயப் பனியாறுகள் மறைந்துவிடும் என்று 2007-இல் ஐ.நா. காலநிலைக் குழுவின் அறிக்கையில் வந்த வரி ஆதாரமற்றது என்று 2010-இல் அந்தக் குழுவே திரும்பப் பெற்றது. அந்தப் பிழையைப் பிடித்துக்கொண்டு உருகலே பொய் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேலே சொன்ன மூங்கில்களும் செயற்கைக்கோளும் அந்த ஒரு வரியை நம்பி இல்லை.

கடைசியாக நம் கரை. மிதக்கிற பனி உருகினால் கடல் உயராது. டம்ளரில் ஐஸ் போட்டு விளிம்புவரை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், உருகிய பின்னும் வழியாது. தரைமேல் இருக்கிற பனி கடலில் சேர்ந்தால்தான் கணக்கு. சுமார் 36,000 கோடி டன் சேர்ந்தால் உலகக் கடல் 1 மில்லிமீட்டர் உயரும். 1901 முதல் 2018 வரை உயர்ந்தது 20 சென்டிமீட்டர். 2006-க்குப் பிறகு வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். 1971 முதல் 2018 வரையான உயர்வில் பாதி கடல்நீர் சூடாகி விரிந்ததால் வந்தது. 22 விழுக்காடு மலைப் பனியாறுகள், 20 விழுக்காடு கிரீன்லாந்து, அண்டார்க்டிகா.

இந்த உயர்வு எல்லாக் கரைக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. கிரீன்லாந்துப் பனி அவ்வளவு கனமானது, தன் ஈர்ப்பால் சுற்றுக் கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் பிடி தளரும். பக்கத்தில் கடல் தாழும், விலகிய தண்ணீர் தூரத்தில் உயரும். அண்டார்க்டிகாவுக்கும் இதே கதை. இரண்டிலிருந்தும் தூரத்தில் இருக்கிற வெப்பமண்டலக் கரைகள் இரண்டிடமிருந்தும் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும். இராமநாதபுரம் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இதைக் கரையில் நின்று கண்ணால் பிடிக்க முடியாது. வாடைக் காலத்துக்கும் சோழகக் (தென்காற்று) காலத்துக்கும் இடையே கடல் ஏறி இறங்குவதே ஓராண்டு உயர்வைப்போலப் பல மடங்கு. கரை அரிக்கிற இடத்திலெல்லாம் பனியாற்றைக் காரணம் காட்டுவதும் சரியாகாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் மூழ்கியதில் பவளப்பாறையை வெட்டி எடுத்ததன் பங்கு பெரிது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது புயல் எழுப்பிய கடல். ஆனால் நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்குள்தான். குஜராத்தின் காம்பே வளைகுடாபோலப் பல மீட்டர் ஏறி இறங்குகிற கரையில் 20 சென்டிமீட்டர் பெரிதாகத் தெரியாது. இங்கே அது ஓதத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். அடுத்த புயலின் அலை அந்த உயரத்தில் ஏறி நின்றுகொண்டுதான் கிளம்பும். மணலில் தோண்டிய ஊற்றுகளில் உப்புநீர் மேல் மிதக்கிற நல்ல தண்ணீரின் தடிமனும், கடல் ஏறி நிலம் குறுகக் குறுகக் குறையும்.

முன்பு சொன்ன தாமதத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பனியாறுகள் இன்றைய சூட்டுக்கு ஏற்ற அளவுக்கு இன்னும் சுருங்கி முடிக்கவில்லை. வெப்பம் இந்த அளவிலேயே நின்றாலும், உலகப் பனியாறுகளில் மிஞ்சியிருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலப்போக்கில் போகும் என்பதே இப்போதைய கணிப்பு. ஒவ்வொரு பத்தில் ஒரு டிகிரிக்கும் அந்தப் பங்கு கூடும், நிறுத்தினால் அங்கேயே நிற்கும்.